கோரைப்பாயும் கடற்பாயும்

சிறுவயதில் பாய் சுருட்டுவதற்கு எங்கள் வீட்டில் ஒரு பயிற்சியே இருந்தது. விடிந்ததும் எழுந்து, பாயை ஏனோதானோவென்று உருட்டி மூலையில் சாத்தினால், ஆச்சி அதை மறுபடி விரிக்கச் சொல்வாள். “ஏலே, ரெண்டு ஓரமும் ஒண்ணுபோல வரணும். ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தொளதொளன்னு இருந்தா கோரை ஒடிஞ்சுபோகும்” என்பாள். அவள் சொன்னது சரிதான். ஓர் ஓரம் விரலளவு முந்தினாலும் போதும், நாலைந்து சுற்றில் பாய் கூம்பாகிவிடும். நடுவில் மடிப்பு விழும். அந்த மடிப்பில்தான் முதல் கோரை முறியும்.

கோரைப்பாயை ஒருமுறை உற்றுப் பாருங்கள். நீளவாட்டில் ஓடுவது பாவு நூல். அதற்குக் குறுக்கே, அகலவாட்டில் ஊடாக அடுக்கியிருப்பது கோரை. நாம் பாயை நீளவாட்டில் சுருட்டுகிறோம். ஆகவே கோரைத் தண்டு ஒவ்வொன்றும் சுருளின் அச்சுக்கு இணையாகவே படுத்திருக்கிறது. வளைவது நூல் மட்டும்தான். கோரை வளைவதே இல்லை. இதே பாயை மற்றத் திசையில் சுருட்டிப் பார்த்தால் முதல் சுற்றிலேயே மொடமொடவென்று சத்தம் கேட்கும். விறைப்பான பொருளை வளைக்காமல் சுருட்ட இந்த ஒரு வழிதான் உண்டு: விறைப்பை அச்சோடு இணையாகப் படுக்க வைப்பது. மூங்கில் தட்டியைச் சுருட்டுவதும் இப்படித்தான்.

தமிழில் படுக்கிற பாய்க்கும் படகின் பாய்க்கும் சொல் ஒன்றே. பசிபிக் தீவுகளில் தாழை ஓலையை முடைந்து செய்த பாயைத்தான் படகுகளில் ஏற்றினார்கள் என்பதை நினைத்தால், அந்தச் சொல்லில் ஒரு நியாயம் தெரிகிறது. இந்த அத்தியாயம் பேசப்போவது 13 மீட்டர் உயரமுள்ள ஒரு கடற்பாயைப் பற்றி. அதைப் பாய்மரத்துக்குள்ளேயே சுருட்டி வைக்க வேண்டும். சுருட்டினால் போதாது, விரிந்து நிற்கும்போது அது பறவையின் இறக்கை போல விறைப்பாகவும் நிற்க வேண்டும். இந்த இரண்டு ஆசைகளும் ஒன்றோடொன்று மோதுகிற இடத்தில் ஆச்சியின் கோரைப்பாய் வந்து நிற்கிறது.

பழைய முறையில், பெரும்பாயை ஆஞ்சான் கயிற்றால் மேலே ஏற்றி, வேலை முடிந்ததும் கீழே இறக்கி, பூம் என்கிற கிடைமரத்தின் மேல் மடித்துக் கட்டுவார்கள். காற்று வலுத்தால் பாயின் அடிப்பகுதியை மடித்துக் கட்டிப் பரப்பைக் குறைப்பார்கள். ஆடுகிற படகில், நனைந்த தளத்தில், பாய்மரத்தடியில் போய் நின்று செய்ய வேண்டிய வேலை அது. இளைஞர்கள் ஆறு பேர் இருந்தால் சிரமமில்லை. அறுபது வயதைத் தாண்டிய கணவனும் மனைவியும் மட்டும் இருக்கிற படகில், நள்ளிரவில், அது உயிரைப் பணயம் வைக்கிற வேலை.

சுருட்டலாமே என்ற எண்ணம் பலருக்கு வந்திருக்கிறது. நீராவிச் சுழலிகளால் புகழ்பெற்ற ஸ்வீடன் பொறியாளர் ஃப்ரெட்ரிக் யுங்ஸ்த்ரோம், 1930களில் பாய்மரத்தையே சுழலவிட்டு, பாயை அதன்மேல் சுற்றினார். பின்னால் அமெரிக்காவின் மார்பிள்ஹெட் ஊரைச் சேர்ந்த டெட் ஹூட் இதில் இறங்கினார். பாய்த்துணியைத் தானே நெய்து தைத்தவர் அவர். 1974இல் ‘கரேஜஸ்’ படகைச் செலுத்தி அமெரிக்காஸ் கோப்பையையும் வென்றவர். அவருடைய நிறுவனம் கொண்டுவந்த ‘ஸ்டோவே’ பாய்மரத்தில் மரம் அசையாமல் நின்றது. அதன் உள்ளே ஒரு தண்டு மட்டும் சுழன்றது. இன்று உலகெங்கும் உள்ள சுருட்டுப் பாய்மரங்களின் அடிப்படை அமைப்பு இதுதான். ஸ்வீடனின் செல்டென், பிரான்சின் இசட் ஸ்பார்ஸ் போன்றவர்கள் இந்த வகை மரங்களைச் செய்கிறார்கள். பிரான்சின் அமெல் படகுக்காரர்கள் தங்கள் ‘சூப்பர் மராமு’ வகையில் இதற்கு மின்மோட்டாரையே வைத்தார்கள். பொத்தானை அழுத்தினால் பாய் உள்ளே போகும்.

அலுமினியப் பாய்மரத்தின் பின்பக்கம் மேலிருந்து கீழ்வரை ஒரு நீண்ட பிளவு. பிளவுக்குள் ஓர் அறை. அறைக்குள், இரண்டு விரல் சேர்ந்த பருமனுள்ள ஒரு தண்டு. பாயின் முன்விளிம்பு அந்தத் தண்டில் கோத்திருக்கும். தண்டைச் சுழற்றினால் பாய் பிளவு வழியாக உள்ளே நுழைந்து சுருளும். வேண்டிய அளவுக்கு மட்டும் வெளியே விடலாம். இங்கே ஒரு கணக்கு மனதில் இருக்கட்டும்: முக்கோணத்தை அதன் நிமிர்ந்த பக்கத்திலிருந்து சுருட்டினால், வெளியே மிஞ்சுவது அதே வடிவமுள்ள சிறிய முக்கோணம். ஆகவே பரப்பு இருமடியாகக் குறையும். அடிவிளிம்பு 4.5 மீட்டர் உள்ள பாயில் 45 சென்டிமீட்டரைச் சுருட்டினாலே பரப்பில் 19 சதவீதம் போய்விடும். பாதியைச் சுருட்டினால் மிஞ்சுவது கால்வாசி. ஒரு கயிற்றை இழுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே இதைச் செய்ய முடிகிறது என்பதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன். பந்தயக்காரர்கள் இந்த மரங்களை இளக்காரமாகப் பேசுவதுண்டு. கடலில் தனியாக இரவைக் கழிக்கிற முதிய தம்பதிகளின் கண்ணால் பார்த்தால் அந்தப் பேச்சு நிற்காது.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. அந்த விலை பாயின் பின்விளிம்பில் இருக்கிறது.

சாதாரணப் பெரும்பாயைப் பக்கவாட்டில் பார்த்தால், தலைமுனையிலிருந்து பின்முனைக்கு வரும் விளிம்பு நேர்கோடாக இருக்காது, வெளிப்பக்கமாகப் பிதுங்கியிருக்கும். அந்தப் பிதுக்கத்தை ரோச் என்பார்கள். அதைத் தாங்குவதற்காகப் பாயில் பைகள் தைத்து, கண்ணாடியிழைப் பட்டைகளைக் கிடைவாட்டில் செருகியிருப்பார்கள். அவற்றுக்குப் பேட்டன் என்று பெயர். எலும்பு முறிந்தால் நாட்டு வைத்தியர் வைத்துக் கட்டுகிற மூங்கில் தப்பையின் வேலையைத்தான் பேட்டன் பாய்க்குச் செய்கிறது. இனி அதைத் தப்பை என்றே சொல்கிறேன்.

தப்பை இல்லாமல் பிதுக்கம் ஏன் நிற்காது? துணிக்கு இழுவையைத் தாங்கத் தெரியும். அமுக்கத்தைத் தாங்கத் தெரியாது. பின்விளிம்பில் இழுவை இருக்கிறது. இழுபடும் எந்த நூலும் நேராகத்தான் விரும்பும். விளிம்பு வெளிப்பக்கம் வளைந்திருந்தால், அது நேராக முயலும்போது தனக்கு உள்ளே இருக்கும் துணியை நெருக்கும். துணி கசங்கும், மடங்கும், படபடக்கும். விளிம்பு உள்பக்கம் குழிந்திருந்தால் நடப்பது இதற்கு நேர்மாறு. நேராக முயலும் விளிம்பு துணியை வெளியே இழுத்து விறைப்பாக்கும். சர்க்கஸ் கூடாரத்தின் ஓரங்கள் இரண்டு முளைகளுக்கு நடுவே உள்பக்கமாக வளைத்து வெட்டப்பட்டிருப்பது இதற்காகத்தான். கிடைவாட்டுத் தப்பையை மரத்துக்குள் சுருட்ட முடியாது. கோரையைக் குறுக்கே ஒடிப்பது போல ஆகிவிடும். ஆகவே சுருட்டுப் பாயைத் தைத்தவர்கள் தப்பையைக் கைவிட்டு, கூடாரத் தையல்காரரின் வழிக்குப் போனார்கள். பின்விளிம்பை உட்குழிவாக வெட்டினார்கள். பாய் அமைதியாக நின்றது, ஆனால் மெலிந்துபோனது.

எவ்வளவு மெலிவு என்று கணக்கிட்டுப் பார்க்கலாம். முன்விளிம்பு 13 மீட்டர், அடிவிளிம்பு 4.5 மீட்டர். நேர்விளிம்பு முக்கோணமாக இருந்தால் பரப்பு 29 சதுர மீட்டரை ஒட்டி வரும். நடுவில் 25 சென்டிமீட்டர் உட்குழிவு வைத்தால் 27. அதற்குப் பதிலாக 30 சென்டிமீட்டர் பிதுக்கம் வைத்தால் 32. குழிவுக்கும் பிதுக்கத்துக்கும் நடுவே 5 சதுர மீட்டர், அதாவது மெலிந்த பாயின் பரப்பில் கிட்டத்தட்ட 19 சதவீதம்.

பாய் விற்கிறவர்கள் இந்த எண்ணைத்தான் முதலில் காட்டுவார்கள். அதை அப்படியே வேகமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. படகில் முன்பாயும் இருக்கிறது. அது 35 சதுர மீட்டர் என்றால் மொத்தப் பரப்பு 62லிருந்து 67ஆகத்தான் உயர்கிறது, 8 சதவீதம். நீரின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது என்று தோராயமாக வைத்துக்கொண்டால், வேகத்தில் கிடைப்பது 4 சதவீதம். 5 நாட் வேகத்தில் போகிற படகு 5.2 நாட் வேகத்தில் போகும். பத்து மணி நேரப் பயணத்தில் 2 கடல் மைல்.

இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் அந்தப் பரப்பு எந்த உயரத்தில் சேர்கிறது என்பதைப் பார்த்தால் கதை மாறுகிறது. கடல்மட்டத்தில் காற்று அலையோடு உரசித் தளர்கிறது. மேலே போகப்போக விரைகிறது. திறந்த கடலில் காற்றின் வேகம், உயரத்தின் 0.11ஆவது அடுக்குக்கு ஏற்பக் கூடும் என்று தோராயமாகச் சொல்வார்கள். 2 மீட்டர் உயரத்தில் இருப்பதைவிட 10 மீட்டர் உயரத்தில் வேகம் 19 சதவீதம் கூடுதல். விசை வேகத்தின் இருமடி என்பதால், ஒரே அளவு துணி அங்கே 40 சதவீதத்துக்கும் மேலாக இழுக்கும். சுருட்டுப் பாயின் தலைப்பகுதியோ ஏற்கெனவே ஊசிபோல இருக்கிறது. உச்சிக்கு ஒரு மீட்டர் கீழே நம் முக்கோணப் பாயின் அகலம் 35 சென்டிமீட்டர். உட்குழிவு வெட்டினால் 27. பிதுக்கம் வைத்தால் 44. அதற்கு முன்னால் நிற்பது ஒரு சாண் தடிமனுள்ள மரம். அதன் சுழல் பட்டு அந்த 27 சென்டிமீட்டரில் பெரும்பகுதி வீணாகும். நல்ல காற்று வீசுகிற உயரத்தில், வாங்கிக்கொள்ளத் துணி இல்லை.

1918, 1919 ஆண்டுகளில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் லுட்விக் பிராண்டல் இறக்கைகளைப் பற்றி எழுதியதும் இதே திசையைத்தான் காட்டுகிறது. இறக்கையின் முனையில் காற்று சுழித்துக்கொண்டு ஓடுவதால் ஒரு தடை பிறக்கிறது. தூக்குவிசை இறக்கை நெடுக நீள்வட்டம்போலப் பரவியிருந்தால் அந்தத் தடை மிகக் குறைவு. ஸ்பிட்ஃபயர் விமானத்தின் இறக்கை நீள்வட்டமாக இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். ஊசிமுனை முக்கோணம் அந்த வடிவத்துக்கு வெகுதூரம்; பிதுங்கிய பாய் சற்றுப் பக்கம். காற்றை எதிர்த்து ஏறும்போது இந்த வித்தியாசத்தைச் சுக்கான் பிடித்த கையே உணரும்.

ஆக, பிதுக்கம் வேண்டும். அதற்குத் தப்பை வேண்டும். தப்பையைச் சுருட்டவும் முடிய வேண்டும். விடை கோரைப்பாயில் இருக்கிறது: தப்பையைக் கிடைவாட்டில் வைக்காமல், தண்டுக்கு இணையாக நிமிர்த்தி வை. இப்படிச் செங்குத்துத் தப்பைகள் வைத்த பெரும்பாய்களை இன்று பல பாய் நிறுவனங்கள் தைக்கின்றன.

எளிய யோசனைதான். ஆனால் அது தொழிலாக மாறும்போது ஒரு கோணம் குறுக்கே வருகிறது. அந்தக் கோணத்தைப் புரிந்துகொண்டவர் எந்தப் பாயை வாங்கலாம் என்பதைத் தாமே தீர்மானித்துவிடலாம். ஆகவே இங்கே சற்று நின்று பார்ப்போம்.

தப்பை பிதுக்கத்தை எப்படித் தாங்குகிறது? அதன் ஒரு பகுதி, தலைமுனையையும் பின்முனையையும் இணைக்கும் நேர்கோட்டுக்கு உள்ளே, இறுக்கமான துணியில் பதிந்திருக்கிறது. மறுபகுதி கோட்டைத் தாண்டி வெளியே விரல்போல நீட்டியிருக்கிறது. உள்ளே இரண்டு பங்கு, வெளியே ஒரு பங்கு இருந்தால் நிற்கும் என்பது பாய் தைப்பவர்கள் கைக்கொள்ளும் விதி. கிடைத்தப்பை அந்த நேர்கோட்டைக் கிட்டத்தட்டச் செங்குத்தாகக் கடக்கிறது. நம் பாயில் 71 பாகை. 30 சென்டிமீட்டர் பிதுக்கத்தைத் தாங்க அது 32 சென்டிமீட்டர் வெளியே நீட்டினால் போதும். மொத்த நீளம் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும்.

நிமிர்ந்த தப்பை அப்படியல்ல. அது மரத்துக்கு இணை. பின்விளிம்போ மரத்திலிருந்து 19 பாகைதான் சாய்ந்திருக்கிறது. ஆகவே தப்பை அந்தக் கோட்டைச் சாய்வாக, மேலோட்டமாக உரசிக்கொண்டு கடக்கிறது. அதே 30 சென்டிமீட்டர் பிதுக்கத்தை எட்ட அது 92 சென்டிமீட்டர் நீட்ட வேண்டும். உள்ளே அதன் இருமடங்கு. மொத்தம் கால் குறைய 3 மீட்டர் என்று பார்த்தால், கிடைத்தப்பையைப்போல மூன்று மடங்கு நீளம். அதோடு முடியவில்லை. நீட்டிய பகுதி நீளமாகிவிட்டதால் அது எளிதில் வளையும். தடிமனையும் கூட்ட வேண்டும். தடிமனை இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்காகும் என்பது நல்ல செய்தி. தடித்த தப்பை சுருளைப் புடைக்கச் செய்யும் என்பது கெட்ட செய்தி.

கடைகளில் இரண்டு வகைப் பாய்கள் இருப்பதன் காரணம் இப்போது விளங்கும். குறுந்தப்பைப் பாயில் பின்விளிம்பை ஒட்டி, ஆளுயரத்துக்குக் குறைவான சில தப்பைகள் இருக்கும். 1.2 மீட்டர் நீளமுள்ள தப்பை, அந்த விதிப்படி, 13 சென்டிமீட்டர் பிதுக்கத்தைத்தான் தாங்கும். ஆகவே இந்த வகையில் பின்விளிம்பை நேராகவோ, மிகச் சிறிதே பிதுங்கியோ தைப்பார்கள். முழுநீளத் தப்பைப் பாயில், அடிவிளிம்பில் தொடங்கும் தப்பைகள் பின்விளிம்பு வரை ஏறிப் போகும். மரத்துக்கு ஒரு மீட்டர் பின்னால் உள்ள தப்பை 10 மீட்டர் உயரம் வரும். இதில் பிதுக்கத்தைத் தாராளமாக வைக்கலாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கிடைத்தப்பை செய்கிற எல்லா வேலையையும் நிமிர்ந்த தப்பை செய்யாது. முழுநீளக் கிடைத்தப்பை பாயின் வயிற்று வளைவையே வடிவமைக்கிறது. விமான இறக்கைக்குள் இருக்கும் விலாச்சட்டம் போல. நிமிர்ந்த தப்பைக்கு அந்த வளைவில் பங்கில்லை; அது பின்விளிம்பை மட்டும்தான் காக்கிறது. மேலே பாய் காற்றோடு சற்றுத் திருகிக்கொடுக்க வேண்டியிருக்கும்போது, விறைத்த நெடுந்தப்பை அதைத் தடுக்கவும் கூடும்.

இனி சுருளுக்கு வருவோம். ஆச்சியின் பாடம் இங்கேதான் முழுசாகப் பொருந்துகிறது. 10 மீட்டர் தப்பை ஒன்று தண்டுக்குச் சரியாக இணையாக இல்லாமல் ஒரே ஒரு பாகை சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கும் நுனிக்கும் நடுவே 17.5 சென்டிமீட்டர் விலகல். சுருளின் சராசரிச் சுற்றளவும் ஏறக்குறைய அதேதான். அதாவது அந்த ஒரு பாகைப் பிழையால் தப்பை, சுருளைச் சுற்றி ஒரு முழுச் சுற்று, கொடிபோலப் படர வேண்டியிருக்கும். விறைத்த தப்பை அப்படிப் படராது. அது நேராகவே நிற்கப் பார்க்கும். அதைச் சுற்றியுள்ள துணி சில இடங்களில் தளரும், சில இடங்களில் இறுகும். தளர்ந்த இடத்தில் மடிப்பு விழும்.

மடிப்பு விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கணக்குப் போடலாம். தண்டின் விட்டம் 40 மில்லிமீட்டர். 4.5 மீட்டர் துணி இறுக்கமாகச் சுருண்டு, அடுக்குக்கு 0.6 மில்லிமீட்டர் எடுத்துக்கொண்டால், இருபத்தாறு சுற்றுக்குப் பிறகு சுருளின் விட்டம் 71 மில்லிமீட்டர். அதே துணி கொஞ்சம் தளர்வாகச் சுருண்டு அடுக்குக்கு 1 மில்லிமீட்டர் எடுத்தால் 86. உள்ளறை 85 மில்லிமீட்டர் என்றால் முதல் பாய் உள்ளே போகும். இரண்டாவது பாய் கடைசி முழத்தில் அடைத்துக்கொள்ளும். ஒரு தலைமுடியின் நாலைந்து மடங்கு தளர்வுதான் வித்தியாசம். இதோடு தப்பைகளின் புடைப்பையும், தப்பைப்பையின் தையலையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு ஆகஸ்ட் மாத மாலை இதை நேரில் பார்த்தேன். கிரேக்கத்தில், ஏகினா தீவிலிருந்து போரோஸ் நோக்கி வந்துகொண்டிருந்தோம். கோடையில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்டெமி காற்று பிற்பகலில் வலுத்திருந்தது. படகுக்காரருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். சுக்கானில் அவர் மனைவி. முழுநீளத் தப்பை வைத்த பாய், பல கோடைகள் பார்த்த பழைய துணி. சுருட்டத் தொடங்கி மூன்றில் இரண்டு பங்கு உள்ளே போனதும் நின்றுவிட்டது. பிளவின் வாயில், என் தலைக்கு ஒரு முழம் மேலே, துணி இரண்டு விரல் அகலத்துக்கு மடிந்து இரட்டையாகிச் சிக்கியிருந்தது. மடிப்பின் ஓரத்தில் தப்பைப்பையின் வெள்ளைத் தையல் தெரிந்தது. எனக்குத் தோன்றிய முதல் யோசனை, கயிற்றை விஞ்ச் என்கிற இழுவை உருளையில் போட்டு இன்னும் இழுப்பது. அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அவர் செய்தது இது. முதலில் பாயை இரண்டு முழம் வெளியே விட்டார். படகைக் காற்றுக்கு எதிராக, ஆனால் முற்றும் நேராக இல்லாமல், பாய் உள்ளே திரும்பும் பக்கத்துக்கு ஏற்பச் சற்று ஒருபுறமாகக் காற்று வரும்படி திருப்பச் சொன்னார். மரத்தை வளைத்துப் பிடித்திருந்த பின்கம்பியைத் தளர்த்தினார். வளைந்த மரத்துக்குள் தண்டு உரசும். நிமிர்ந்த மரத்தில்தான் அது தடையின்றிச் சுழலும். கடைசியாகப் பூம் கட்டையைத் தாங்கும் கயிற்றைப் பார்த்தார். அதில் சிவப்பு நூல் சுற்றிய ஓர் அடையாளம் இருந்தது. அது இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஒரு சாண் கீழே இருந்தது. பூம் தாழ்ந்தால் பின்விளிம்பு இறுகும், அடிவிளிம்பு தளரும்; சுருளின் மேல்பாதி கெட்டியாகவும் கீழ்ப்பாதி தொளதொளவென்றும் வரும். பூம் உயர்ந்தால் இது தலைகீழாகும். அடையாளம் வரை உயர்த்திவிட்டு, மெதுவாகச் சுற்றினார். மடிப்பு இருந்த இடம் வழுவழுவென்று உள்ளே போனது. ரெண்டு ஓரமும் ஒண்ணுபோல வரணும் என்ற குரல் எனக்குக் காதில் விழுந்தது.

தப்பைதான் சிக்கியது என்று அன்று நான் நினைத்தேன். பிறகு யோசித்தபோது, சிக்க வைத்தது பழைய துணி என்று பட்டது. பாலியெஸ்டர் துணி வருடக்கணக்கில் இழுபட்டால் நடுவில் வயிறு வைத்துவிடும். வயிறு வைத்த துணி தட்டையாகச் சுருளாது; மிச்சத் துணி எங்காவது குவிய வேண்டும். தப்பை இல்லாத பாயும் இந்த நிலையில் சிக்கும். தப்பை இருந்தால் சிக்கல் பெரிதாகும், அவ்வளவுதான்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், பாய் மாற்றப் போகிறவர் முதலில் அளக்க வேண்டியது பாயை அல்ல, பாய்மரத்தை. பிளவின் அகலம், உள்ளறையின் விட்டம், தண்டின் தடிமன், பிளவின் ஓரங்கள் வழுவழுப்பாக இருக்கின்றனவா என்பது. பழைய மரங்கள் சிலவற்றில் அறை குறுகல்; அவற்றில் நெடுந்தப்பை வைப்பது வம்பை விலைக்கு வாங்குவது. பாய் தைப்பவர் இந்த அளவுகளைக் கேட்காமலே விலை சொன்னால் வேறு ஆளைத் தேடுவது நல்லது. இரண்டாவதாக, தப்பை வட்டமா, தட்டையா, எந்த இடத்தில் இரண்டு துண்டாக இணைகிறது என்று கேட்க வேண்டும். அகலமான தட்டைப்பட்டை மெல்லிய தண்டின்மேல் படியாது. மூன்றாவது, பலரும் மறந்துவிடுவது: குளிர்காலத்துக்குப் பாயைக் கழற்ற வேண்டுமே! சுருட்டுப் பாயைக் கழற்ற அதை முழுவதும் விரித்து, ஆஞ்சானைத் தளர்த்திக் கீழே இறக்க வேண்டும். 10 மீட்டர் தப்பை மடியாது. பாய் இறங்க இறங்க ஒவ்வொரு தப்பையையும் உருவி எடுத்தாக வேண்டும். காற்றில்லாத காலை வேளையில், துறையில், நாலு கை இருந்தால் செய்யலாம். கடல் நடுவில் பாய் கிழிந்தால் செய்ய முடியாது.

பரப்பைக் குறைத்து ஓட்டும்போதும் ஒரு பழக்கம் வேண்டும். தப்பை சரியாகப் பிளவின் வாயில் நிற்கும்படி விடக் கூடாது. ஒவ்வொரு காற்றுவீச்சிலும் அது அலுமினிய ஓரத்தில் அழுந்தி வளையும். ஒன்று முழுவதும் உள்ளே, அல்லது முழுவதும் வெளியே.

என் தேர்வைக் கேட்டால் ஒளிக்காமல் சொல்வேன். இரண்டு பேர் மட்டும் நெடுந்தூரம் போகிற படகுக்கு, நேரான பின்விளிம்பும் சில குறுந்தப்பைகளும் வைத்த பாயே போதும். 19 சதவீதத்தில் அது பாதிக்குச் சற்றுக் குறைவாகவே மீட்டுத் தருகிறது. ஆனால் பின்விளிம்பின் படபடப்பை அடக்குகிறது. துணியைக் கொல்வதில் வெயிலுக்கு அடுத்தது அந்தப் படபடப்புதான். தப்பை மரத்துக்குள் கோணலானாலும் அதன் நீளம் குறைவு. ஒரு பாகைக்கு 2 சென்டிமீட்டர்தான் விலகும். முழுநீளத் தப்பையை, புதிய மரமும் அகலமான அறையும் உள்ளவருக்கு, கரையோரக் கடலில் மெல்லிய காற்றில் எதிரேறி ஓடுவதை விரும்புகிறவருக்கு, ஏழெட்டு ஆண்டில் துணியை மாற்றத் தயாராக இருப்பவருக்குத் தயங்காமல் சொல்வேன். அவர்கள் கையில் அது அழகான பாய். உச்சி வரை நிறைந்து நிற்கும் அந்தப் பின்விளிம்பைப் பார்த்தவர்கள் மறுபடி மெலிந்த பாய்க்குத் திரும்ப மனம் வைப்பதில்லை.

அன்று இரவு போரோஸில் நங்கூரம் போட்ட பிறகு காற்று அடங்கவில்லை. எங்கிருந்தோ ஓர் ஊளை கேட்கத் தொடங்கியது. தாழ்ந்து, உயர்ந்து, மறுபடி தாழ்ந்து. நாய் என்று நினைத்தேன். பாய்மரத்தின் பிளவு அது. புல்லாங்குழலின் துளைமேல் ஊதும்போது காற்று துளையின் விளிம்பில் மோதி உள்ளும் வெளியுமாக ஊசலாடுகிறதே, அதே மாதிரி 13 மீட்டர் நீளப் பிளவின் ஓரத்தில் காற்று மோதிக்கொண்டிருந்தது. படகுக்காரர் கைவிளக்கோடு எழுந்து வந்தார். இதற்கென்றே தைத்து வைத்திருந்த ஒரு நீண்ட துணிப்பட்டையைக் கயிற்றில் கோத்து, பிளவு நெடுக மேலே ஏற்றினார். பட்டை ஏற ஏற ஊளை மேலே மேலே போய், உச்சியில் மெல்லிய சீழ்க்கையாகி, நின்றது. அவர் கயிற்றைக் கட்டிவிட்டு, பிளவை ஒருமுறை கையால் தடவிப் பார்த்தார். உள்ளே பாய் இறுக்கமாகச் சுருண்டிருந்தது.